வாய் மூடிய படம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும். எது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் முழிப்பேன். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மகனிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவான். ஆனால் என்னை அழகாக்கியதால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். அதனால் நானே எழுதுகிறேன்.

என் முன்பல் இரண்டும் எடுப்பு. எத்துப்பல் என்பார்கள். உதட்டை இழுத்து மூடினால் மூடும், கவனம் தப்பினால் திறந்துகொள்ளும். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். கடைவாய்ப் பல் பாதி போய்விட்டது. அந்த இரண்டு மட்டும் ஆடக்கூட இல்லை. சிறு பெண்ணாக இருந்தபோதே யாராவது பேச்சுக் கொடுத்தால் என் கை தானாக வாய்க்குப் போய்விடும். வெட்கப்படுகிற பிள்ளை என்று சொல்வார்கள். வெட்கம்தான். எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

என்னை முதன்முதலில் படம் எடுத்தது கல்யாணத்துக்காக. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரிக் காடு, நாலு மாடு, அவ்வளவுதான் வீட்டில். சொந்தத்தில் மாப்பிள்ளை அமையவில்லை, அசலில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறார், பெண் பார்க்க வர லீவு கிடையாது, போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சித்திதான் என்னை உசிலம்பட்டி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனது. பின்னால் மாடிப்படியும் தோட்டமும் வரைந்த திரை. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பிளாஸ்டிக் பூ. சித்தி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தியது.

"உதட்ட உள்ள இழுத்துக் கடி. நாக்க மேல ஒட்ட வச்சுக்க. மூக்கால மூச்சு விடு. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். படம் வந்தது. அதில் நின்றவள் என்னைவிட அழகி. வாய் சின்னதாக, அடக்கமாக, கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அவளைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று அவளைப் போலவே உதட்டைக் கடித்துப் பார்ப்பேன். எண்ணி இருபது வருவதற்குள் வலிக்கும்.

மாமியார் வந்து நேரிலும் பார்த்தார். தலையைக் குனிந்து, வாயை மூடி, காபியை நீட்டினேன். பெண் பேச வேண்டும் என்று அப்போது யார் எதிர்பார்த்தார்கள்? கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு கோழி பறந்து வந்து மாப்பிள்ளை இலையில் இறங்கிச் சோற்றைக் கிளறியது. அவர் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கை இரண்டும் பரிமாறுகிற பாத்திரத்தில். வாயை மூட முடியவில்லை.

மாமியார் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஏத்தா, போட்டோவுல இந்தப் பல்லு எங்கிட்டுப் போயிருந்துச்சு?"

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அவள்தான் அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்தாள். போட்டோப் பொண்ணு. அவளுக்குக் கல்யாணம் ஆகி டி. கல்லுப்பட்டிக்குப் போன பிறகும் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் நின்றது. விசேஷத்துக்கு வந்தால் வாசலில் நின்றே கேட்பாள்: "மதினி, இன்னக்கிப் பல்லு வீட்டுல இருக்கா, வெளிய போயிருக்கா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவள் என்கிற நினைப்பு எனக்குள்ளும் இருந்தது. அதனால் எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை.

பிறகு நாங்கள் சிம்மக்கல்லுக்கே குடிவந்துவிட்டோம். நான் வத்தல் குடோனில் காம்பு கிள்ளுகிற வேலைக்குப் போனேன். மிளகாய் நெடி தாங்காது என்று அங்கே எல்லாப் பெண்களும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வார்கள். முதல் நாள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு எவ்வளவு பேச வரும் என்று. முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்த இடத்தில் அதிகம் பேசினது நான்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் துணியை அவிழ்ப்பேன், பேச்சும் நின்றுவிடும். கொரோனா வந்து ஊரே வாயைக் கட்டிக்கொண்டு நடந்தபோது, இவர்களுக்கெல்லாம் என் வழக்கம் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு.

"அந்தப் போட்டோவப் பாத்து ஏமாந்துட்டீகள்ல?"

அவர் தலைத்துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: "ஏமாறவா? பயந்துல்ல கெடந்தேன். உதட்டக் கடிச்சுக்கிட்டு அப்புடி மொறைக்கிற. இம்புட்டுக் கோவக்காரியக் கட்டிவக்கிறாகளேன்னு நெனச்சுக்கிட்டேதான் தாலியக் கட்டுனேன். அந்தக் கோழி வரலைன்னா அடுத்த நாளே மருதைக்கு ஓடியிருப்பேன்."

எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நம்பவில்லை. அவர் போய் ஏழோ எட்டோ வருஷம் ஆகிறது. இப்போது கொஞ்சம் நம்புகிறேன்.

போன வைகாசியில், இல்லை, அதற்கு முந்தின வைகாசியாகவும் இருக்கலாம், இளைய மகனின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காது குத்து வைத்தார்கள். குலசாமி அங்கே இருப்பதால் உசிலம்பட்டியில் மண்டபம். எங்கள் பக்கம் காது குத்து என்றால் ஃபிளக்ஸ் இல்லாமல் நடக்காது. பிள்ளைகள் படம், அப்பன் ஆத்தா படம், தாய்மாமன் படம், பங்காளி படம் எல்லாம் இருக்க வேண்டும். ஒருவர் படம் விட்டுப்போனாலும் அடுத்த விசேஷம் வரைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. என்னிடம் வைக்கிற மாதிரி படமே இல்லை. எடுத்ததில் எல்லாம் வாயை முந்தானை மறைத்திருந்தது. மருமகள் என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள்.

"நல்லா ஒண்ணு எடுத்துக்கிருவோம் அத்தை. ஃபிளக்சுக்கும் ஆச்சு, பெருசாப் போட்டு ஃபிரேமும் மாட்டிக்கிறலாம். பின்னால தேவைப்படும்."

பின்னால் எதற்குத் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாதா? நான் போன பிறகு மாலை போட ஒரு முகம் வேண்டும். அவளைக் குறை சொல்லவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்கிறாள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, கடைசியாகச் சுவரில் நிற்கப் போகிறவள் இவள்தான் என்கிற நினைப்பில் முந்தானையை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்தேன்.

எடுத்தவருக்கு என் மகன் வயது இருக்கும். "ஆத்தா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். "வாய மூடிக்கங்க அத்தை" என்றாள் மருமகள். மூடினேன். மூடினது பொருந்தவில்லை. அவர் இரண்டு மூன்று முறை எடுத்துவிட்டு, "விடுங்க, சிஸ்டத்துல பாத்துக்கிறலாம்" என்றார்.

கம்ப்யூட்டரில் என் முகம் பெரிதாக வந்தது. அவர் ஒரு அமுக்கு அமுக்கினார், கறுப்புக் குறைந்தது. இன்னொரு அமுக்கு, நெற்றிச் சுருக்கம் போனது. சேலை பட்டாக மாறியது. பிறகு வாய். முதலில் என் வாய் இருந்த இடமே மழுங்கிப்போனது. பிறகு எங்கிருந்தோ ஒரு மூடிய உதடு வந்து உட்கார்ந்தது.

நான் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இந்த உதடு யாருது?"

"ஸ்டாக்குல இருக்கறது ஆத்தா."

"ஸ்டாக்குன்னா?"

"பொதுவா இருக்கும். வயசானவக எல்லாருக்கும் இதத்தான் போடுறது."

மதுரையில் எத்தனை வீட்டுச் சுவரில் இந்த ஒரே உதடு மாலைக்குள் இருக்கிறதோ என்று நினைத்தேன். மருமகள் கையைத் தட்டி, "அத்தை, மகாலட்சுமி மாதிரி இருக்கீக!" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் பிடித்திருந்தது. சித்தி எடுக்கவைத்த அந்தப் பழைய அழகி கிழவியாகி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

விசேஷத்தன்று காலையில் வேனில் போய் மண்டபத்தில் இறங்கினோம். வாசலில் ஃபிளக்ஸ். நடுவில் பிள்ளைகள், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன். மகனும் மருமகளும் ஒரு ஓரம். சிறு வயதில் எண்ணெய் தெறித்து மருமகள் கழுத்தில் ஒரு தழும்பு உண்டு. படத்தில் அது இல்லை. மேலே அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பக்கம் செத்துப்போன பெரியவர்களை ஃபிளக்சில் மேல் வரிசையில், மேகத்துக்குள் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போடுவார்கள். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். அவருக்குப் பக்கத்தில், அதே மேகத்தில், விளக்கோடு, தெய்வத்திருவோடு நானும் இருந்தேன்.

அதற்குள் பின்னால் ஒரு குரல் ஓவென்று எழுந்தது. டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த நாத்தனார். பஸ்ஸை விட்டு இறங்கினவள் ஃபிளக்சைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏ மதினி! எனக்கு ஒரு வார்த்த சொல்லாம அனுப்பிச்சுட்டாகளே! ஒரு போன் போடக்கூடாதா பாவிக!"

என்னைக் கேலி பேசின வாய் எனக்காக அழுகிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது. அன்றைக்குக் கோழிக்கு வந்த அதே சிரிப்பு. கை வாய்க்குப் போகவே இல்லை. அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

"அந்தா, பல்லு! பல்லு மதினிதான்! உசுரோடதான் இருக்காக!" ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மூக்கைச் சிந்திவிட்டு ஃபிளக்சைப் பார்த்தாள். "அப்ப அது யாரு?"

மகன் ஃபிளக்ஸ் போட்டவரைப் போனில் பிடித்தான். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "ஏ மாப்ள, எங்கம்மாவ எதுக்குய்யா மேல ஏத்துன?"

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. பெருசுக படம் ரெண்டும் ஒண்ணா அனுப்புனீக. ஆத்தா படத்தப் பாத்தேன், மொகத்துல ஒரு அசைவும் இல்ல. எங்க கடைக்கு வார அஞ்சலி படம் மாதிரியே இருந்துச்சு. சேத்து வச்சுட்டேன்."

அந்த ஆள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்.

மகன் குசுகுசுவென்று சொன்னான்: "விடும்மா. ஒரு நாளுதானே. வெளக்கு மேல மட்டும் எதாச்சும் ஒட்டிவிடுறேன்."

"எறக்கு" என்றேன்.

அவனிடம் அப்படி ஒரு சொல் அதுவரை சொன்னதில்லை. தாய்மாமன், அதாவது மருமகளின் அண்ணன், நடுவில் வந்தார். "அத்தை, எங்க படமெல்லாம் அதுலதானே இருக்கு. சனம் வர்ற நேரத்துல எறக்குனா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்காரரை இழந்தவள் என்று இத்தனை வருஷம் எந்த விசேஷத்திலும் கடைசி வரிசையில், தூண் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று உள்ளே போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ஃபிளக்சுக்கு நேர் கீழே, நடை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்கக்கூடாது.

சனம் வர ஆரம்பித்தது. வருகிறவர்கள் எல்லாரையும் நானே கூப்பிட்டேன். "வாங்க, வாங்க. உள்ள போங்க." மேலே பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள். ஒருத்தி 'யாத்தே' என்று நெஞ்சில் கை வைத்தாள். பங்காளி வீட்டு ஆள் ஒருவர் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "என்ன சின்னம்மா, மேல இருந்து எறங்கி வந்துட்டீகளா?"

"கறிக்கொழம்பு எப்புடின்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

குடோனில் துணிக்குள்ளிருந்து பேசின பேச்சு. துணி இல்லாமல் வெளிச்சத்தில் வந்துவிட்டது. நாத்தனாரும் ஒரு நாற்காலியைப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "எங்க மதினி நேர்ல. போட்டோவ நம்பாதீக" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று எனக்கு வலிக்கவில்லை.

மகன் இரண்டு முறை வந்தான். "ம்மா, உள்ள வா. எல்லாரும் சிரிக்கிறாக."

"சிரிக்கட்டும். நானுந்தான சிரிக்கிறேன்."

"அசிங்கமா இருக்கும்மா."

"எது அசிங்கம்? மேல இருக்குறதா, கீழ இருக்குறதா?"

அவன் மண்டபத்து ஆளைக் கூப்பிட்டான். ஏணி வந்தது. ஃபிளக்ஸ் முழுவதையும் இறக்கினால் தாய்மாமனுக்கு மனசு சங்கடம். அதனால் என்னை மட்டும் பிளேடு போட்டுச் சதுரமாக அறுத்து எடுத்தார்கள். மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகப் பின்னால் நின்ற வேப்பமரம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக நின்றார். அதுதானே சரி. அவர் அங்கே, நான் இங்கே. அதன் பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிள்ளைகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கத்துவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தூண் ஓரத்துக்குப் போகவில்லை.

அறுத்த துண்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கெட்டித் தாள். மொட்டை மாடியில் மோர்மிளகாய் காயப்போட நன்றாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து ஸ்டுடியோவுக்குத் தனியாக நடந்து போனேன். அவர் எழுந்து நின்றார். "ஆத்தா, படம் எப்புடி, எல்லாரும் பாத்தாகளா?"

"பாத்தாக. அந்த உதட்ட ஸ்டாக்குலயே வச்சுக்கப்பா. எனக்கு என் வாய எடுத்துக் குடு."

உட்கார்ந்தேன். மண்டபத்தில் வந்த தைரியம் அங்கே வரவில்லை. விளக்கு முகத்தில் அடித்ததும் கை தானாக மேலே வந்தது. இறக்கினேன், மறுபடி வந்தது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். சிரிக்கச் சொன்னார், சிரிப்பு வரவில்லை. உதடு பழக்கத்தில் உள்ளே போனது. அவர் கேமராவை வைத்து எதையோ திருகிக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போய்விட்டது.

"எம்புட்டு நேரம்ப்பா, கை செத்துப்போச்சு!" என்றேன். அந்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

அந்தப் படம்தான். சிரிக்கவும் இல்லை. வாய் பாதி திறந்து, புருவம் ஏறி, இரண்டு பல்லும் முன்னால் நின்று யாரையோ வைகிற மாதிரி இருக்கிறது. "லேசா வெளிச்சம் மட்டும் கூட்டவா?" என்றார். "தொடாத" என்றேன். எனக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. முதல் நாள் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் அது நான். பிடிக்காததற்காக ஒருத்தியை வீட்டை விட்டு அனுப்ப முடியுமா?

வீட்டில் ஆணி நானே அடித்தேன். "உசுரோட இருக்குறவக படத்த மாமா படத்துக்குப் பக்கத்துல மாட்டக்கூடாது அத்தை" என்று மருமகள் பதறினாள். அது சரிதான் என்று எதிர்ச் சுவரில் மாட்டினேன். மருமகள் தினமும் அதைத் துடைக்கிறாள். மகனிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் போனால் இந்தப் படம்தான். வேறு எதையாவது வைத்தால் வந்து நாற்காலி போட்டு உட்காருவேன் என்று. "உக்காருவ" என்றான்.

எழுதியதில் தப்பு இருக்கலாம். எந்த வைகாசி என்று மகன் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோழி விழுந்தது மூன்றாம் நாளா, மறுவீட்டுக்குப் போன அன்றா என்பதும் சந்தேகமாக இருக்கிறது, கேட்கலாம் என்றால் அந்தப் பந்தியில் இருந்தவர்களில் நாத்தனார் ஒருத்திதான் மிச்சம். அவளோ, மண்டபத்தில் தான் அழவே இல்லை என்றும், பார்த்ததுமே என்னைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் இப்போது சாதிக்கிறாள். அன்று காலையில் அந்த வாசலில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் மாரில் அடித்து அழுதாளா இல்லையா என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.